தாய்வீட்டுப் பிரசவம்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சமயம், குடியுரிமைக்குப் பதிய மலாக்காவின் பண்டார் ஹிலிரில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கணவன், மனைவி, பதினெட்டு வயது மகள்.

“தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதான்னு கப்பல் ஏறுன. மத்த நாலு பேரும் இங்கயே காஜா பெராங்குல பொறந்தாங்க, கவலையில்ல. இவ மட்டும் நாகப்பட்டினம்!” என்றார் கணவர்.

“நீங்கதானே துறைமுகம் வரைக்கும் வந்து வழியனுப்பினீங்க?” என்றாள் மனைவி.

பதிவு மேசையில் இருந்த கிராணி, கணவருடைய பிறப்புச் சூராவை, அதாவது பிறப்புப் பத்திரத்தை, வாங்கிப் பார்த்தார். “நீங்க மலாக்காவுலயே பொறந்தவரா? அப்படின்னா உங்க வழியா மகளுக்கும் குடியுரிமை உண்டு. கையெழுத்துப் போடுங்க.”

மகள் மெல்லக் கேட்டாள்: “அப்பா, உங்கம்மா மட்டும் ஏன் பிரசவத்துக்கு ஊருக்குப் போகல?”

“கல்யாணம் பிடிக்கலைன்னு அவங்க வீட்டுல சேர்த்துக்கலம்மா. கடைசிவரைக்கும் ஒரு கடுதாசிகூட வரல.”

“நல்லவேளை” என்று சொல்லிவிட்டு, மனைவி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.