மூணாம் நம்பர் மெஷின் காட்டிய பெண்

தியாகராசா: ...இல்ல பேபி, நீ முதல்ல இங்க வந்து பாரு. அதே மூணாம் நம்பர் மெஷின். அதே நாற்காலி. அதே கல்யாண வெப்சைட். ஆனா அந்தப் பொண்ணைக் காணோம்.

பேபி: எந்தப் பொண்ணு அங்கிள்? காலையில இருந்து என் சைபர் கபேல நீங்க ஒரு ஆள்தான்.

தியாகராசா: கபேல இல்லம்மா, கம்ப்யூட்டருக்குள்ள. சிவமலர்னு பேரு. போன மாசம் நீ சாப்பிடப் போயிருந்த நேரம் நானே தட்டித் திறந்தேன். "நல்வரவு, சிவமலர்"னு வந்து நின்னுச்சு. இன்னிக்கு என்னடான்னா பேரைக் குடு, பாஸ்வேர்டைக் குடுன்னு போலீஸ்காரன் மாதிரி கேக்குது.

பேபி: ...நீங்க எதுக்கு அங்கிள் கல்யாண வெப்சைட் பார்க்கிறீங்க?

தியாகராசா: ஐயையோ, எனக்கில்ல! ரயில்வேயில ரிட்டையராகி பத்து வருஷம் ஆச்சு. இது என் சிநேகிதர் ஒருத்தர்... அவர் மகனுக்கு.

பேபி: சிநேகிதர் மகனுக்கு.

தியாகராசா: ஆமா. நல்ல பையன். காப்பார் பவர் ஸ்டேஷன்ல எஞ்சினியர். முப்பத்து மூணு வயசு. தரகர் ரெங்கசாமி மூணு வருஷமா பைலைத் தூக்கிட்டு அலையறாரு, ஒண்ணும் உருப்படல. இந்தக் கம்ப்யூட்டர் தொட்ட கையோட பொண்ணைக் காட்டுச்சு. அசந்துட்டேன்லா.

பேபி: அது பொண்ணு காட்டல அங்கிள். உங்களையே அந்தப் பொண்ணுன்னு நினைச்சிருச்சு.

தியாகராசா: என்னையா? இந்த மீசையோடவா?

பேபி: அதுக்கு எங்க கண்ணு இருக்கு? ஒரு தடவை உள்ள போனா, அந்த வெப்சைட் இந்த மெஷின்ல சின்னதா ஒரு சீட்டு எழுதி வச்சிட்டுப் போகும். குக்கின்னு பேரு. அடுத்த தடவை வந்தா தன் சீட்டைத் தேடிப் பார்த்துட்டு, ஓ, நம்ம ஆளுன்னு கூப்பிடும்.

தியாகராசா: யாரு உட்கார்ந்திருக்கான்னு பார்க்காமலா?

பேபி: டோபி சட்டைக் காலர்ல மை வச்சு நம்பர் போடுறாருல்ல? அந்தச் சட்டையை நீங்க போட்டாலும் சரி, நான் போட்டாலும் சரி, டோபிக்கு அது பதினாலாம் நம்பர் வீடுதான்.

தியாகராசா: அப்ப அந்தப் பொண்ணு...

பேபி: இதே மெஷின்ல உட்கார்ந்து பார்த்துட்டு, "வெளியேறு"ன்னு இருக்கிறதை அமுக்காம எழுந்து போயிருச்சு. பின்னாலேயே நீங்க வந்து உட்கார்ந்துட்டீங்க. அவ்வளவுதான்.

தியாகராசா: சரி, அந்தச் சீட்டை மறுபடி எடுத்து வை. ஒரு நிமிஷம் பார்த்துட்டு வச்சிடறேன்.

பேபி: முடியாது. அழிச்சிட்டேன். ஆறு மெஷின்லயும் குக்கி போல்டரைத் திறந்து ஒண்ணு விடாம அழிச்சாச்சு. இனிமே வாரம் ஒரு தடவை அழிப்பேன்.

தியாகராசா: அடப்பாவி! ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

பேபி: யாரை? உங்களையா?

தியாகராசா: ...அதான் இன்னிக்கு ஏதோ பெட்டி பெட்டியா வந்து "ஏத்துக்கவா, ஏத்துக்கவா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா?

பேபி: ஆமா. எந்த சைட்டு சீட்டு வைக்க வந்தாலும் முதல்ல கேளுன்னு மாத்தி வச்சிருக்கேன். நீங்க என்ன அமுக்கினீங்க?

தியாகராசா: எல்லாத்துக்கும் சரின்னேன். கேக்கிறவன்கிட்ட இல்லன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?

பேபி: அங்கிள், அதுல பாதி விளம்பரக்காரன். அவனுக்கு வேணாம்னு அமுக்கலாம். இல்லன்னா நீங்க எந்தெந்தப் பக்கம் போறீங்கன்னு பின்னாலேயே வந்து பார்ப்பான்.

தியாகராசா: மொத்தமா எல்லாத்துக்கும் வேணாம்னுட்டா?

பேபி: சில சைட்டு உள்ளேயே விடாது. விட்டாலும் ஒவ்வொரு தடவையும் நீ யாருன்னு முதல்ல இருந்து கேக்கும். வேண்டிய சைட்டுக்கு மட்டும் சரின்னு விடுங்க. எழுந்து போறப்ப வெளியேறிட்டு, சீட்டையும் அழிச்சிடுங்க. பொது மெஷின்ல அதுதான் நல்லது.

தியாகராசா: இதெல்லாம் அந்தப் பொண்ணுக்குச் சொல்லியிருக்கலாம்ல.

பேபி: ...அதுக்குத் தெரியும். அன்னிக்கு மறந்துருச்சு.

தியாகராசா: உனக்கு அந்தப் பொண்ணைத் தெரியுமா!

பேபி: இங்க வர்ற ஆளுதான். எதுக்கு அவ்வளவு அவசரம்? போட்டோ கூட இல்லையாமே.

தியாகராசா: போட்டோ இருக்க வேண்டிய இடத்துல ஒரு பூ. அதனால என்ன? சொந்தத் தொழில் செய்யுதாம். கொஞ்சம் பிடிவாதம் உண்டுன்னு தானே எழுதியிருக்கு. எனக்கு அதுதான் பிடிச்சுப் போச்சு.

பேபி: பிடிவாதக்காரி வேணாம் அங்கிள். வீட்டை இரண்டாக்கிடுவா.

தியாகராசா: நீ சும்மா இரு. பிறந்த நேரம், நட்சத்திரம் எல்லாம் அதுல இருந்துச்சு. பஸ் டிக்கெட் பின்னால குறிச்சுக்கிட்டு நேரா கிள்ளான் ஜோசியர்கிட்ட போயிட்டேன். பொருத்தம் பார்க்காம எவளா இருந்தாலும் வாசப்படி ஏத்த மாட்டேன்.

பேபி: ...எத்தனை பொருத்தம்?

தியாகராசா: பத்துக்கு ஒன்பது.

பேபி: ஒன்பதா?

தியாகராசா: ஒன்பது.

பேபி: நல்லாப் பார்த்தாரா? அவசரத்துல எழுதியிருப்பாரு.

தியாகராசா: ரெண்டு தடவை பார்க்கச் சொன்னேன். ரெண்டு தடவையும் ஒன்பது. உனக்கு ஏன் முகம் இப்படிப் போகுது?

பேபி: ஏர்கான் குளிர். சொல்லுங்க... அன்னிக்கு அந்தப் பக்கத்துல வேற என்ன செஞ்சீங்க?

தியாகராசா: ஒண்ணும் செய்யல. "மாப்பிள்ளை விவரம்"னு ஒரு கட்டம் இருந்துச்சு. பையனைப் பத்தித்தான் கேக்கிறாங்கன்னு எல்லாத்தையும் எழுதிட்டேன்.

பேபி: அது அந்தப் பொண்ணு எந்த மாதிரி மாப்பிள்ளை தேடுதுன்னு எழுதுற இடம் அங்கிள்.

தியாகராசா: ...ஆ?

பேபி: மறுநாள் திறந்து பார்த்தா, அதுக்கு வேண்டிய மாப்பிள்ளை: காப்பார் பவர் ஸ்டேஷன்ல வேலை, சுவாதி நட்சத்திரம், அஞ்சடி எட்டு அங்குலம். பாகற்காய் தொட மாட்டார். குறட்டை உண்டு, ஆனால் மெதுவான குறட்டை.

தியாகராசா: கல்யாண விஷயத்துல எதையும் மறைக்கக் கூடாதும்மா.

பேபி: அதுவரைக்கும் வாரத்துக்கு ரெண்டு மூணு பேர் எழுதுவாங்க. அப்புறம் ஒரு ஈ காக்கா எழுதல. மலேசியாவுல இதெல்லாம் ஒண்ணா எவன்கிட்ட இருக்கும்?

தியாகராசா: ஐயோ... ஒரு பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டேனே. என்னை எப்படித் திட்டியிருக்கும்!

பேபி: திட்டிச்சு. நீங்கதான் போன் நம்பரும் எழுதியிருந்தீங்களே.

தியாகராசா: பதில் வரணுமேன்னு எழுதினேன். போன் ஒண்ணும் வரலையே... சிநேகிதர் வீட்டுக்கு.

பேபி: வந்துச்சு. ரெண்டு தடவை. யாரோ பெரியவர் எடுத்து, பொம்பளைக் குரல் கேட்டதும், "இன்சூரன்ஸ் எல்லாம் வேணாம்மா"ன்னு வச்சிட்டாராம்.

தியாகராசா: ...சிநேகிதராத்தான் இருக்கும்.

பேபி: குரல் அப்படியே உங்க குரலாம்.

தியாகராசா: வயசானா எல்லார் குரலும் ஒண்ணுதான். அப்புறம்?

பேபி: மூணாவது தடவை மகன் எடுத்தாரு. அது கோவத்தை எல்லாம் கொட்டிச்சு. அவரு குறுக்கே பேசாம முழுசாக் கேட்டுட்டு, பாகற்காய் விஷயம் தப்பு, அது சின்ன வயசுல, இப்ப சாப்பிடறேன்னாராம்.

தியாகராசா: பச்சைப் பொய்! முந்தாநாள் கூட தட்டு ஓரத்துல ஒதுக்கி வச்சான்.

பேபி: சிநேகிதர் வீட்டுத் தட்டு வரைக்கும் பார்ப்பீங்களா?

தியாகராசா: அப்பப்ப... சாப்பிடப் போவேன்.

பேபி: ஓஹோ. ஐஸ் காப்பி குடிக்கிறீங்களா அங்கிள்?

தியாகராசா: வேணாம். உட்காரு. சிநேகிதரும் இல்ல, ஒருத்தரும் இல்ல. கேதீஸ் என் மகன்தான். அஞ்சு இடம் பார்த்து அஞ்சும் தட்டிப் போச்சு. ஒவ்வொண்ணுக்கும் நம்ம பிரிக்பீல்ட்ஸ்ல கோயில்ல, கடையில, எங்க போனாலும் துக்கம் விசாரிச்சாங்க. அதான் இந்தத் தடவை வெளியே சொல்லல.

பேபி: ம்ம்.

தியாகராசா: அவன் அம்மா போய் நாலு வருஷம் ஆச்சு. ஷிப்ட் முடிஞ்சு வருவான், ரெண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுவோம். நியூஸ் முடிஞ்சா பேச்சும் முடிஞ்சுது. எனக்கப்புறம் அந்த டிவி மட்டும்தானே அவனுக்கு? நினைச்சா பயமா இருக்கு பேபி.

பேபி: அவர்கிட்ட இதைச் சொன்னீங்களா?

தியாகராசா: எப்படிச் சொல்றது! இப்ப ஒரு மாசமா பய கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கான். ஓவர்டைம்னு லேட்டா வரான். கேட்டா மழுப்பறான். எங்கயாவது பொருத்தமில்லாத இடத்துல மாட்டிக்கிட்டானோன்னு வேற கவலை. அதுக்குள்ள இந்தப் பொண்ணைப் பேசி முடிக்கணும். விலாசம் மட்டும் சொல்லு. நானே போய் மன்னிப்புக் கேக்கிறேன். அப்பவும் கோவம் தீரலன்னா, என் தலையெழுத்துன்னு விட்டுடறேன்.

பேபி: பேபின்னு நீங்க எல்லாரும் கூப்பிடறதுதான் அங்கிள்... ஐசி அடையாள அட்டையில என் பேரு சிவமலர். கோவம் போய் ரொம்ப நாளாச்சு. அந்த ஓவர்டைம் எல்லாம் இங்கதான், கேதீஸ் நேத்து எங்க அப்பாகிட்ட கூட பேசிட்டாரு, உங்ககிட்ட சொல்லத்தான் பயந்துக்கிட்டு இருக்காரு.