ஒரு பையை இருவருக்கு வாக்களிக்காத எங்கள் தலைமைப் பொறியாளருக்கு

ஐயப்படுவதையே அறமாகக் கொண்ட அம்மையே! குருதி வங்கியின் தரவுத்தளத்தை இருபத்தொன்பது ஆண்டுகள் இமைபோல் காத்த எங்கள் தலைமைப் பொறியாளரே! வணக்கம். விடைபெறும் இந்நாளில் எங்கள் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதால், தங்கள் கதையைத் தங்கள் முன்னிலையிலேயே அவையோருக்குச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

அவையோரே, பதினெட்டு மருத்துவமனைகளின் குருதிப் பைகளுக்கும் அன்று ஒரே பதிவேடு. அது கீழ்த்தளத்து அறையின் ஒற்றைக் கணினியில் இருந்தது. அதை மூன்று நகரங்களில் மூன்று கணினிகளில் வைத்தால் அந்தந்த ஊரிலேயே நொடியில் பதில் கிடைக்கும் என்று ஒரு நிறுவனம் வந்தது. நாங்கள் அகமகிழ்ந்தோம். இந்த அம்மையாருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. செயல்விளக்கத்தின் நடுவே எழுந்து, ஊர்களை இணைத்த கம்பியைப் பிடுங்கினார். இரண்டு ஊர்களிலிருந்து ஒரே பையைக் கேட்கச் செய்தார். இரண்டு திரைகளும் ‘ஒதுக்கப்பட்டது’ என்றன. இப்படி நடப்பது அபூர்வம் என்று நிறுவனத்திலிருந்து வந்தவர் சமாளித்தார்.

“அபூர்வமா நடந்தாலும், அன்னைக்கு வெறுங்கையோட நிக்கப்போறது ஒரு நோயாளிதானே?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடாமல் வெளியேறினார்.

நாற்காலியை விட மனமில்லாமல் முட்டுக்கட்டை போடுகிறார் என்று தேநீர் அறையில் பேசினோம். அவர் காதிலும் அது விழுந்தது.

பிறகொரு மழைநாளின் நண்பகலில் கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்து ஒற்றைக் கணினி ஓய்ந்தது. எந்தப் பை எங்கே என்று ஐந்து மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. முழங்கால் நீரில் நின்றபடி அவரே கிடங்கு கிடங்காகத் தொலைபேசியில் கேட்டுக் கையால் எழுதினார். வெள்ளம் வடிந்ததும் எங்களிடம் சொன்னது இதுதான்: “என் கணினிய மட்டும் நான் சந்தேகப்படவே இல்ல. அதுதான் என் தப்பு.”

மறுநாளே அந்த நிறுவனத்தை அழைத்தார். மூன்று ஊர்களுக்கும் இசைந்தார். ஆனால் ஒரு பையை ஒதுக்குமுன் இரண்டு கணினிகளாவது ஒப்ப வேண்டும், தொடர்பிழந்து தனித்த கணினி ‘உறுதியில்லை’ என்றே சொல்ல வேண்டும் என்றார். பதில் தாமதமாகிறதே என்று முணுமுணுத்தோம். அவர் அசையவில்லை.

சென்ற ஆண்டு ஓர் ஊரின் தொடர்பு அறுந்த வேளையில், அரிய வகைப் பை ஒன்றை இரண்டு ஊர்கள் கேட்டன. தொடர்பில் இருந்த ஊரில் பிரசவித்த தாய்க்கு அது ஒதுக்கப்பட்டது. தொடர்பு துண்டான ஊரில், விபத்தில் சிக்கிய ஓட்டுநரின் மருத்துவருக்கு ‘உறுதியில்லை’ என்ற விடை வந்தது. அவர் காத்திராமல் ஓட்டுநரின் தம்பியிடம் குருதி பெற்றார். தாயும் ஓட்டுநரும் பிழைத்தார்கள்.

“வருதுன்னு உங்க கணினி சொல்லியிருந்தா, நம்பி உட்கார்ந்திருப்பேன். அவரு போயிருப்பாரு” என்று அந்த மருத்துவர் எங்களிடம் சொன்னார்.

அம்மா, தாங்கள் ஐயுற்றது இயந்திரங்களை. நாங்கள் ஐயுற்றது தங்களை. பொறுத்தருளுங்கள். நோயற்ற உடலும் நிறைந்த மனமும் கொண்டு நெடுங்காலம் வாழுங்கள். இம்மடலையும் தாங்கள் நம்பாமல் இருமுறை படிப்பீர்கள் என்றறிவோம். படியுங்கள்; எழுதுமுன் எங்களில் அத்தனை பேரும் ஒப்பினோம்.

தங்கள் அன்பை மறவா,
தரவுத்தளப் பிரிவுப் பணியாளர்கள்