மேட்டுப் பள்ளியில் ஒரு நிச்சயதார்த்தம்: போலெத்தே அக்காவுக்கு நிலையத்தார் மடல்

காலையில் நீங்கள்தான் கதவைத் திறப்பீர்கள். விளக்கைப் போடுவீர்கள். ஹீட்டரை முடுக்கிவிட்டுக் கெட்டிலில் தண்ணீர் வைப்பீர்கள். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு ஜன்னலுக்குப் போய், உறைந்த கண்ணாடியை நகத்தால் சுரண்டிக் கடலைப் பார்ப்பீர்கள். பார்த்ததைத் தாளில் எழுதுவீர்கள். காஃபி ஒரு வாய். தொண்டையைச் செருமிக்கொண்டு மைக் முன் உட்கார்வீர்கள். நூக்கசாக் மக்களுக்குக் காலை வணக்கம். முப்பத்தொரு ஆண்டுகளாக இதுதான். நாளை முதல் கதவை நான் திறக்க வேண்டும்.

எங்கள் காலைக் குரலே! கடலைக் கண்டு சொன்ன கண்ணே! காற்று விழிக்குமுன் விழித்துக் கரையெங்கும் கதவு தட்டிய கனிவே!

இந்த மூன்று அடைமொழிகளும் நிலையத் தலைவர் தோரா தந்தவை. மடல் என்றால் இவை இல்லாமல் ஆகாது என்றார். எழுதுபவன் நான், ஹான்செராக், நிலையத்தின் கருவிகளைப் பார்த்துக்கொள்பவன். எனக்கு அடைமொழி வராது. ஆனால் இவற்றில் பொய் ஏதும் இல்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். நீங்கள் சொன்ன பொய் ஒன்று உண்டு. அதைப் பாராட்டத்தான் இந்தக் கூட்டம்.

ஓய்வு பெற உங்களுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிட்டு, டென்மார்க்கில் மகள் வீட்டுக்குப் போகிறீர்கள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் எழுதினீர்கள். கிரீன்லாந்தில் பிறந்த உங்களுக்கா குளிர்! ஒருவரும் நம்பவில்லை. சென்ற கோடையில் பனேராக்கை அந்தப் பனிப்பாறையின் பக்கத்திலேயே இருக்கச் சொன்னது நீங்கள். அதனால் போகிறீர்கள். இந்த அறையில் எல்லோருக்கும் அது தெரியும். பனேராக் என் மனைவி. மடலை நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதலில் பணியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேலைக்கு வந்தபோது நவம்பரில் கடல் உறையும். உங்கள் காலைச் செய்தி நாய்வண்டிக்காரர்களுக்கானது. எந்தக் குடா தாங்கும், எங்கே வெடிப்பு, எங்கே சுற்றிப் போக வேண்டும் என்று சொல்வீர்கள். பிறகு உறைவது டிசம்பருக்குத் தள்ளிப்போயிற்று. பிறகு பிப்ரவரிக்கு. சில ஆண்டுகள் உறையவே இல்லை. நாய்கள் குறைந்தன, படகுகள் பெருகின. குடாவின் தலைமாட்டில் இருந்த பனியாறு உருகி வளைவுக்கு அப்பால் பின்வாங்கியது. பின்வாங்கும்போது, முன்பு எவரும் கண்டிராத பாறைகளை உடைத்து நம் பக்கம் அனுப்பியது. நிலத்தடியில் உறைந்திருந்த மண் இளகி நம் பழைய நிலையத்தின் தரை சாய்ந்தது. மேசையில் உங்கள் காஃபிக் கோப்பை தானாக நகரும். வாசிப்பை நிறுத்தாமல் இடது கையால் அதைப் பிடித்துக்கொள்வீர்கள். கேட்பவர்களுக்குத் தெரியாது.

நாய்வண்டிச் செய்தியை ஒரு குளிர்காலத்தில் படகுச் செய்தியாக மாற்றினீர்கள். "நேற்றுவரை நடந்தோம், இன்றுமுதல் மிதப்போம்" என்று ஒரு வரி சொன்னீர்கள். அவ்வளவுதான். அன்றும் புலம்பவில்லை, அதற்குப் பிறகும் புலம்பவில்லை.

செய்திக்குப் பின் காஃபிமிக் அறிவிப்புகள். இந்த ஊரில் பிறந்தநாள் என்றாலும், பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்தாலும், பையன் முதல் கடல்நாயைப் பிடித்தாலும் காஃபிமிக்தான். வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக் காஃபியும் கேக்கும் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டும். யார் வீட்டில், எப்போது என்பதை ஊர் உங்கள் வாயால்தான் அறியும். நீங்கள் அறிவித்த காஃபிமிக் ஒன்றுகூட நடக்காமல் போனதில்லை. அந்த ஒன்றைத் தவிர!

அந்தக் கோடையில் ஊருக்கு எதிரே பெரும் பனிப்பாறை ஒன்று வந்து தரைதட்டி நின்றது. நம் தேவாலயத்தின் மேல் இன்னொரு தேவாலயத்தை வைத்தாலும் அதன் தோளுக்கு எட்டாது. அது உருண்டால் அலை கிளம்பும், மேட்டுக்குப் போங்கள் என்று தலைநகரிலிருந்து மொபைலில் எச்சரிக்கை வந்தது. போனோம். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி வந்தது, மறுபடி போனோம். மூன்றாம் முறை பாதிப் பேர்தான் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை பனேராக் ஹாலிபட் மீன் தூண்டில்களை இழுக்கக் கடலில் இருந்தாள். நிலையத்தின் அலமாரியில் இருந்த படகு ரேடியோவில் அவள் குரல் வந்தது.

"அக்கா, பாறை முனகுது. பின்பக்கம் நீளமா ஒரு நீலக் கோடு விழுந்திருக்கு. நேத்து இது இல்ல."

"எதுவரைக்கும்?"

"உச்சியிலேருந்து தண்ணி வரைக்கும்."

"உனக்கும் அதுக்கும்?"

"பக்கவாட்டுல தள்ளித்தான் நிக்கிறேன். ஊரும் தெரியுது, கோடும் தெரியுது."

"அங்கேயே இருந்து பாத்துச் சொல்லு கண்ணு. எங்களுக்கு இங்கேருந்து முன்பக்கம்தான் தெரியுது."

நீங்கள் சொன்னது இவ்வளவுதான். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

உடனே மைக்கில் உண்மையைச் சொன்னீர்கள். பாறை விரிசல் விடுகிறது, எல்லோரும் மேலே போங்கள் என்றீர்கள். தொலைபேசி அடித்தது. மீன் கொட்டகைக்கு எதிர்வீட்டு பிர்கித்தே. "நாலாவது வாட்டியா? போன வாட்டி மாமியாரைத் தூக்கிட்டு ஏறினதுல என் இடுப்பு போச்சு. இந்த வாட்டி பாறையை இங்க வரச் சொல்லு அக்கா, காஃபி போட்டுத் தர்றேன்." ஜன்னலில் பார்த்தோம். ஒரு கதவும் திறக்கவில்லை. படகு ரேடியோவில் பனேராக், "ஏன் யாருமே நகரல?" என்றாள்.

கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைக்கை மறுபடி திறந்தீர்கள்.

"நூக்கசாக் மக்களே, இன்னொரு சேதி. எனக்கும் துறைமுகத்து ஏனோக்குக்கும் நிச்சயம் ஆயிருக்கு. ஆமா, நம்ம ஏனோக்குதான். காஃபிமிக் மேட்டுப் பள்ளிக்கூடத்துல, இப்பவே. என் வீடு பத்தாது. வயசானவங்க, கைக்குழந்தைங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. கேக் கொஞ்சம்தான் இருக்கு, முந்தினவங்களுக்குத்தான்."

தோரா தலையில் கைவைத்துக்கொண்டார். "பைத்தியமா அக்கா? ரேடியோவுல பொய்யா? லைசென்ஸைப் புடுங்கிருவாங்க!"

"கேக்க ஆள் இருந்தாத்தானே தோரா லைசென்ஸு?" என்றீர்கள். "ஹான்சே, கையடக்க ரேடியோவை எடுத்துக்கிட்டு மேல ஓடு. முன்னாடி போறவங்க திரும்பிடாமப் பாத்துக்கோ."

அட, அந்த ஓட்டம்! முப்பதாண்டுத் தனிக்கட்டை ஏனோக், அதைவிட நெடுங்காலம் விதவையான நீங்கள்! கதவுகள் படபடவென்று திறந்தன. கோப்பையோடு ஓடினார்கள், வீட்டுச் செருப்போடு ஓடினார்கள், தலைமுடியைச் சுருட்டிய உருளைகளோடு ஓடினார்கள். இடுப்பு போன பிர்கித்தே மாமியாரை முதுகில் போட்டுக்கொண்டு எல்லோரையும் முந்தினாள்.

"ஏனோக்கா? அந்தக் கஞ்சனா?"

"எனக்கு அப்பவே தெரியும். போன வாரம் அவளுக்கு மீன் குடுத்தான்."

"எல்லாருக்கும்தான் குடுத்தான்."

"அவளுக்குப் பெருசாக் குடுத்தான்!"

பாதி மேட்டில் ஏனோக் என்னைப் பிடித்தார். விழா நாளுக்கென்று வைத்திருக்கும் வெள்ளை அனோராக் சட்டையைப் போட்டிருந்தார். மூச்சு வாங்கியது.

"ஏண்டா ஹான்சே, எனக்கு நிச்சயமாமே?"

"ஆமா."

"என்னை யாருடா கேட்டா?"

"ரேடியோவுல சொன்னாங்களே."

சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டார். "ரேடியோவுல அவ பொய் சொல்ல மாட்டாளே," என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாக ஏறினார்.

அக்கா, உங்கள் முப்பத்தொரு ஆண்டுப் பணிக்கு இதைவிட வேறு சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளும் பொய் சொல்லாததால்தான் அந்த ஒரு பொய் ஊரையே மேட்டில் ஏற்றியது.

மேலே கேக் இல்லை. கூச்சல் எழுந்தது. "எங்க காஃபி?" "எங்க பொண்ணு?" இறங்கப் பார்த்தவர்களை வாசலில் மறித்துக்கொண்டு நின்றேன். அப்போது கையடக்க ரேடியோவில் பனேராக்.

"ஹான்சே, மீன் கொட்டகைக்குப் பின்னால ரெண்டு பேர் இன்னும் மீன் அறுத்துட்டு நிக்கிறாங்க. ரேடியோ கேக்கல போல. ஓடு!"

பிர்கித்தேயை வாசலில் நிறுத்திவிட்டுக் கீழே ஓடினேன். மேட்டிலிருந்து அந்த இடம் தெரியாது. கடலில் அவள் நின்ற இடத்திலிருந்து மட்டுமே தெரியும். பழைய நிலையத்தின் வாசலில் நீங்கள் தோராவை வெளியே தள்ளிக்கொண்டிருந்தீர்கள். கொட்டகைக்குப் போய் அந்த இருவரையும் இழுத்தேன். ஒருவர் கையில் கத்தியோடும், மற்றவர் மீனோடும் ஓடி வந்தார்கள். நீங்களும் தோராவும் எங்களுக்கு முன்னால் ஏறினீர்கள்.

நாங்கள் பள்ளியின் படியை மிதித்தபோது பாறை பிளந்தது. முதலில் ஒலி இல்லை. உச்சி மெல்லச் சாய்ந்தது. பிறகு அடிவயிறு மேலே வந்தது, பச்சையும் நீலமுமாக, ஒரு மலை புரண்டு படுப்பது போல! அதற்குப் பிறகுதான் இடி. கடல் கரையைவிட்டு விலகிப் போயிற்று, நின்றது, திரும்பி வந்தது. துறை போயிற்று. மீன் கொட்டகை போயிற்று. கரையோர வீடுகள் தீப்பெட்டிகளாக மிதந்து ஒன்றோடொன்று மோதின. நம் நிலையம் கூரையோடு எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, காணாமல் போயிற்று. அலை மேட்டின் பாதியில் நின்றது. ஊர் முழுவதும் பள்ளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கையில் காலிக் கோப்பைகள். ஊரில் ஒருவரும் சாகவில்லை! ஒருவரும்!

பனேராக்கின் படகு திரும்பவில்லை.

லைசென்ஸை யாரும் பிடுங்கவில்லை. இந்தப் பள்ளியின் வகுப்பறையே இப்போது நிலையம். எச்சரிக்கை வந்தால் ஊர் இப்போது முதல் தடவையிலேயே மேட்டில் ஏறிவிடுகிறது. நீங்கள் மட்டும் அதற்குப் பிறகு செய்தியைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. என்னை நேராகப் பார்ப்பதும் இல்லை. கரையோரமாக நான் வந்தால் நீங்கள் வேறு வழியில் போகிறீர்கள். இந்தச் சிறிய ஊரில் அப்படி வேறு வழியும் அதிகம் இல்லை.

போலெத்தே அக்கா! போகிற இடத்தில் உங்கள் முழங்கால் நோகாதிருக்கட்டும். பேரப்பிள்ளைகள் உங்கள் குரலைக் கேட்டு எழட்டும். பல்லாண்டு, பல கோடை, பல குளிர் கண்டு நலமாக இருங்கள். திரும்பி வர மனம் வந்தால் மைக் காத்திருக்கும். நிச்சயத்தைத் தாம் இன்னும் ரத்து செய்யவில்லை என்பதை இங்கே எழுதச் சொன்னார் ஏனோக். எழுதிவிட்டேன்.

அன்புடனும் நன்றியுடனும், நூக்கசாக் வானொலி நிலையத்தார்: தோரா, ஹான்செராக், நிவீ, உல்ரிக். உடன் ஏனோக் (நிலையத்தைச் சேர்ந்தவர் அல்லர், கையெழுத்திட்டே தீருவேன் என்றார்).

கையெழுத்துகளுக்குக் கீழே, கண்ணாடிச் சட்டம் போடப்போகும் இந்தத் தாளில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது. தோராவிடம் கேட்டுக்கொண்டு அதில் இதை எழுதுகிறேன். பனேராக்கின் படத்துக்குக் கீழே, "என் மக்களைக் காப்பாற்றுங்கள்" என்பது அவளுடைய கடைசி வார்த்தை என்று ஒரு செய்தித்தாள் போட்டது. நீங்கள் அதை வெட்டி எடுத்து வைத்திருக்கிறீர்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை. அப்படிப் பேசுகிறவளும் அல்ல. மேட்டில் ஏறும்போது ரேடியோ என் கையில் இருந்தது. நீங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தீர்கள். காற்று. உங்களுக்குக் கேட்டிருக்காது. எல்லாரும் ஏறியாச்சு, அக்கா பாக்கச் சொன்னது போதும், வெளிக்கடலுக்குப் போ என்றேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா சொல்லாட்டியும் இருந்திருப்பேன் ஹான்சே. இந்தக் கல்யாணக் கூத்தை யாராவது பாக்காமப் போவாங்களா?"