பச்சைக் காந்தம்

நீதிதான் ஒரு சமுதாயத்தின் முதுகெலும்பு. அது வளைந்தால் நாடே கூன் விழுந்துபோகும். இருபத்திரண்டு வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக உட்கார்ந்து ஊரின் புகார்களையெல்லாம் எழுதியவன் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன். என் முதுகெலும்பும் அப்படித்தான் வளைந்தது. நாற்காலி சரியில்லை. மாற்றச் சொல்லி நான்கு மனு கொடுத்தேன், மாற்றவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா, பின்னால் தேவைப்படும்.

நீங்கள் விசாரணைக்கு வந்த அதிகாரி. உங்கள் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் வாக்குமூலம் எப்படி எழுதுவது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனையோ பேருக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், பாதிப் பேருக்கு அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

எங்கள் பெரிய அதிகாரி பதவிக்கு வந்ததும் செய்த முதல் காரியம், தன் அறையில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியதுதான். ஸ்டேஷனுக்கு ஒரு வரிசை. தீராத வழக்குக்குச் சிவப்புக் காந்தம், தீர்ந்த வழக்குக்குப் பச்சை. மாதக் கடைசியில் எந்த வரிசை பச்சையாக இருக்கிறதோ அந்த ஸ்டேஷனுக்குக் கோப்பை. பிளாஸ்டிக் கோப்பைதான், தங்க நிறப் பூச்சு. அதைக் கையில் வாங்கும்போது எங்கள் இன்ஸ்பெக்டரின் கண் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

வெட்டு, குத்து, அடிதடி எல்லாம் சிவப்பில் பிறந்து சிவப்பிலேயே கிழடு தட்டும். ஆள் ஓடிவிடுவான், சாட்சி பல்டி அடிப்பான். கஞ்சா வழக்கு அப்படியில்லை. பொட்டலமும் ஆளும் சேர்ந்தே கிடைப்பதால், பிறக்கும்போதே தீர்ந்து பிறக்கிறது. இதைக் கண்டுபிடிக்க மேதாவியாக இருக்கத் தேவையில்லை. ஒரே மாதத்தில் எல்லா ஸ்டேஷனும் கண்டுபிடித்துவிட்டது.

எங்களிடம் கூடுதலாக இருந்தது ஒரு பொட்டலம். பழைய வழக்கு ஒன்றில் பிடித்தது. குற்றவாளி செத்துப்போனான், பொட்டலத்தை யாரும் கேட்கவில்லை. அது என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. ஆள் கிடைத்துப் பொட்டலம் கிடைக்காத நாட்களில் அதை எடுத்துக்கொண்டு போவோம். ஒப்புக்கொண்டால் சின்னத் தண்டனை என்று சொன்னால் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. வழக்கு முடிந்ததும் பொட்டலம் வேலை முடிந்து வீடு திரும்புகிறவனைப் போல இழுப்பறைக்கு வந்துவிடும். நாற்பது வழக்கில் உழைத்தது.

பெரிய அதிகாரிக்கு இது தெரியாது என்று இப்போது சொல்கிறார்களாம். பலகை முன்னால் என்னை நிறுத்தி அவரே கேட்டிருக்கிறார்.

"யோவ் ரைட்டர், உன் இழுப்பறையில ஒருத்தர் குடியிருக்காராமே, நல்லா இருக்காரா?"

"இருக்காரு சார். கொஞ்சம் இளைச்சுட்டாரு."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் கெட்டேன்.

இனி தையல்காரியின் விஷயம். துணிக்கடைக்கு மேலே ஒரு மாடி அறையில் குடியிருந்தாள். புருஷனின் அடி தாங்காமல் வந்த தங்கையைக் கூட வைத்திருந்தாள். அந்தப் புருஷன் லாரி ஓட்டுபவன். முதல் தடவை அவள் வந்தபோது, அவன் கொன்றுவிடுவதாக மிரட்டுகிறான் என்றாள். எழுதிக்கொண்டேன். "ஐயாவோட கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்றாள். நல்ல பெண். அந்தத் தாளில் எண் போடாமல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். எண் போட்டால் சிவப்புக் காந்தம் வந்துவிடும்.

இரண்டாவது தடவை கையில் கட்டோடு வந்தாள். தடுக்கப் போனதில் பட்டதாம். குடும்ப விஷயம், நாளைக்கு வா, பேசி முடிக்கலாம் என்றேன்.

"போன தடவையும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க சார். அந்த நாளைக்குத்தான் இன்னைக்கு வந்திருக்கேன்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தாளையும் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

மூன்றாவது தடவை மத்தியானம் மூன்று மணி இருக்கும். அன்று பெரிய அதிகாரி தலைமையில் மாணவர் விடுதி ஒன்றில் மாபெரும் கஞ்சா வேட்டை. மொத்த ஸ்டேஷனும் கேமராக்களோடு அங்கே போயிருந்தது. இங்கே நான், டிரைவர், ஒரு ஜீப். அவள் செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

"சார், அவன் கம்பியோட வந்து கதவை இடிக்கிறான். தங்கச்சி உள்ள இருக்கா. நான் பின்பக்கமா இறங்கி வந்தேன். வாங்க சார், உங்கள நம்பித்தான் அவளைத் தனியா விட்டுட்டு வந்தேன்."

டிரைவர் சாவியை எடுத்துவிட்டான். "அண்ணே, அஞ்சு நிமிஷ தூரம். சும்மா சைரனைப் போட்டாலே ஓடிருவான்ணே."

சாவியை வாங்கி மேசையில் வைத்தேன். அன்று நான்கு மணிக்கு விடுதி வாசலில் பத்திரிகையாளர் சந்திப்பு. அச்சகத்திலிருந்து அதற்கு ஒரு பேனரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இரண்டு முறை போன் வந்துவிட்டது. நீங்களே சொல்லுங்கள் ஐயா, எனக்கு வந்த உத்தரவு எது? டிரைவரைப் பேனருக்கு அனுப்பினேன். அதில் 'உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்று எழுதியிருந்தது. அவளை உட்காரச் சொல்லி மூன்றாவது தாளை எடுத்தேன். எழுதி முடிப்பதற்குள் அவள் எழுந்து ஓடிவிட்டாள்.

நான் நடந்தே போனேன். முதுகு வலியில் அரை மணி நேரம் ஆனது. தங்கை மாடிப்படியின் அடியில் கிடந்தாள், மூச்சு இல்லை. அவன் மேல் படியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அன்று மாதக் கடைசி. எங்கள் வரிசையில் ஒரு சிவப்புகூட இல்லை.

என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். செத்தவளை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் தலையில் அடி என்பது தலையில் அடிதான். அடித்தது கம்பியா, படியா என்பது எழுதுகிறவன் பாடு. ரகசியத் தகவலின் பேரில் கஞ்சா சோதனைக்குப் போனபோது, தங்கை தப்பி ஓடுகையில் படியில் தவறி விழுந்தாள் என்று எழுதினேன். பொட்டலம் அக்காவின் தையல் மெஷின் டிராயரில் கிடைத்தது. தகவல் கொடுத்தவர் வேண்டுமே? லாரிக்காரன் கையெழுத்துப் போட்டான். மாலையில் இன்ஸ்பெக்டர் வந்து, "பச்சைதானே?" என்றார். "பச்சை சார்" என்றேன். படிக்காமல் கையெழுத்திட்டார். கோப்பை எங்களுக்கே வந்தது. லாரிக்காரனுக்குப் போதை ஒழிப்பு வீரர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதை லாரியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறான்.

அவளை ஜீப்பில் ஏற்றும்போதுதான் பேசினாள். "மூணு தடவையும் நீங்கதானே சார் எழுதினீங்க?"

ஆமாம் என்றேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

கண்ணாடிக்கு அடியில் இருந்த தாள்களை அன்றே கிழித்தேன். மூன்றாவது தாள் பாதியில் நின்றிருந்தது. அரைகுறையாக விட்ட வேலை என்றால் எனக்கு ஆகாது.

மற்ற நாற்பது பேரும் செய்ததை அவளும் செய்திருந்தால் ஐந்தாறு மாதத்தில் வெளியே வந்திருப்பாள். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுடைய வக்கீல், சின்னப் பெண், பொட்டலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பவைத்தாள். தேயிலை என்று பதில் வந்தது. ஒரு முறை கொதித்துக் காய்ந்த தேயிலை.

உடனே பெரிய அதிகாரி பேட்டி கொடுத்தார். என் பெயரைச் சொன்னபோது, "யார் அது?" என்று பக்கத்தில் கேட்டார். கோப்பையோடு எடுத்த படத்தில் என்னை ஓரத்தோடு வெட்டிவிட்டார்கள். என் தோள்மீது இருந்த அவர் கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. இன்ஸ்பெக்டர் என் போனை எடுப்பதில்லை. நான் யாருக்காக எழுதினேன்? துரோகம் என்ற சொல்லை வழக்குகளில் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன் ஐயா, அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது. என் மனைவி மட்டும், "ஊருக்கெல்லாம் வாக்குமூலம் எழுதுனீங்க, இப்ப உங்களுக்குன்னு ஒண்ணு எழுதிருங்க" என்றாள். ஆறுதலாகச் சொன்னாளா, குத்திக் காட்டினாளா தெரியவில்லை.

தையல்காரி இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். பிடித்தபோது கஞ்சாதான் இருந்தது, பிற்பாடு ஸ்டேஷன் அலமாரியில் யாரோ மாற்றிவிட்டார்கள் என்கிறது மேலிடம். அவள் வீட்டில் நாங்கள் வைத்தபோதே அது தேயிலைதான் என்று நான் ஒரு வரி எழுதினால் அவள் வெளியே வந்துவிடுவாள் என்கிறீர்கள். மற்றதையெல்லாம் தயங்காமல் சொன்னேன். இந்த ஒரு வரியைத்தான் எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டேன். ஏனென்றால், அப்படியானால் கஞ்சா எங்கே போனது என்று நீங்கள் கேட்பீர்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். வைத்தபோதே அது தேயிலைதான். ஸ்டேஷன் டீ வடிகட்டியில் மிஞ்சியதை ஜன்னலோரம் காயவைத்து நான் நிரப்பியது. கஞ்சா தீர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, நான்தான் புகைத்தேன். முதுகு வலி.