அழாத நாத்தனார்

பதுளையிலிருந்து தெமோதரைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. வேலை கேட்டு அலைந்த காலோடு கம்பியைப் பிடித்து நின்றேன். பக்கத்துச் சீட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர். மூத்தவள் மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“கதாநாயகிய விடுடி! நாத்தனாரா வந்தாளே, அவ காலத் தொட்டுக் கும்பிடணும்!” என்றாள் மூத்தவள்.

“நேத்து டீவியில போட்ட பழைய படமாக்கா? அத யாரு பாத்தா!”

“கெட்டுது போ! புருசன் அடிச்சு அண்ணி தாய்வீட்டுக்குப் போயிருது. கூட்டியாரச் சொல்லி நாத்தனார அனுப்புறாங்க. இவ அண்ணி மொகத்தையே பாக்குறா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லடி! ‘வந்துராதீங்க’ன்னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பிடுறா. எனக்குப் புல்லரிச்சிருச்சு!”

“அது படம்க்கா. ஒங்க அண்ணியக் கூட்டியாரத்தானே அம்மா ஒங்களப் பழத்தோட அனுப்புது?”

“ஆமா.”

“கூடப்பொறந்தவன விட்டுக் குடுப்பீங்களாக்கும்?”

“வீங்குன கன்னத்தோட, காலையில பேரு குடுக்குற பெரட்டுக்கு வந்து நின்னுச்சுடி எங்கண்ணி. நானும் பாத்துட்டு, பேசாம கொழுந்தெடுக்கப் போனேன்.”

தெமோதரை வந்தது. மூத்தவள் எழுந்தாள்.

“என்னக்கா சொல்லப் போறீங்க?”

“எங்கண்ணன் இனிமே அவனே ஆக்கித் திங்கட்டும்!” என்று பஸ்ஸுக்கே கேட்கச் சொல்லிவிட்டு இறங்கினாள்.