அவரை விட்டு ஓடினேன்

ஓடுகிறேன். முன்னால் நாற்காலி. நாற்காலியில் என் வீட்டுக்காரர். மரச்சட்டம், மூன்று இரும்புச் சக்கரம். கடைவீதி முழுக்க அதன் கடகட சத்தம். பின்னால் ஒரு வெடி.

"பட்டாசுங்களா?"

"இல்ல. போலீஸ் ரைபிள். குனிஞ்சு தள்ளு அம்மணி!"

அவருக்குத் தெரியும். பட்டாளத்தில் இருந்தவர். அறுபத்திரண்டில் சீனாக்காரனோடு நடந்த சண்டையில் நான்கு நாள் பனியில் கிடந்தார். குண்டு படவில்லை. பனி இரண்டு பாதங்களையும் கருக்கிவிட்டது. கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். பெயர் நாச்சிமுத்து. கடைவீதியில் ஓடிய அன்று வயது முப்பத்தொன்று. நான் ருக்குமணி. இருபத்தைந்து.

ஆண்டு 1965. மாசி பிறந்த வாரம். இந்தி வேண்டாம் என்று மாணவர்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். கோயமுத்தூரில் பஸ் இல்லை. கடைகளில் பாதிக் கதவுதான் திறந்திருந்தது.

அப்படியொரு நாளில் ஏன் போனாய்? கேட்காதவர்கள் இல்லை. இடது காலில் வெட்டிய இடம் உடைந்து சீழ் வைத்திருந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும். அன்று ஐந்தாம் நாள். வீட்டுக்குள் நாற்றம். ஜட்காக்காரரைக் கூப்பிட்டேன். குதிரைக்கு அடிபட்டால் என் பொழைப்பு போச்சுங்க என்றார். காலை ஏழு மணிக்கு பீளமேட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளத் தொடங்கினேன்.

எனக்கு அது புதிதல்ல. இரண்டு வருஷமாகத் தள்ளுகிறேன். பஸ் ஓடும் நாளிலும் கண்டக்டர் மணியடித்துவிடுவார். "சேரெல்லாம் ஏத்த எடமில்லீங்க." சினிமாக் கொட்டகையில் படி. ரேஷன் கடையில் படி. அங்கெல்லாம் அவரை முதுகில் தூக்குவேன். நாற்காலி அவர் சிநேகிதர் வார்ப்படப் பட்டறையில் செய்து கொடுத்தது. உறுதி. ஆனால் கனம். மேட்டில் அவரும் கைகளால் சக்கரத்தை உருட்டுவார். உள்ளங்கை கொப்பளித்துவிடும். அப்போதும் சிரிப்பார். "லெப்ட் ரைட் போடு அம்மணி. எனக்குத்தான் கொடுத்து வெக்கல."

பத்தரைக்குக் கட்டு மாற்றி முடிந்தது. வந்த ரோட்டில் இப்போது கல்லும் எரியும் டயரும். அதனால் கடைவீதி வழியாகத் திரும்பினோம். அது என் யோசனை.

பதினொன்றே கால். கூட்டம் எங்களைத் தாண்டி ஓடுகிறது. ஒரு தோள் என்னை இடிக்கிறது. நாற்காலி ஓரத்துக்குப் போகிறது. முன்சக்கரம் சாக்கடைப் பலகையின் சந்தில் இறங்குகிறது. இழுக்கிறேன். வரவில்லை. இரண்டாவது வெடி. எங்கோ ஓடு உடைந்து சிதறும் சத்தம். மறுபடி இழுக்கிறேன். மூன்றாவது.

"முதுகுல ஏறுங்க!"

"நேரமில்ல. உட்டுப்போட்டு ஓடு!"

"ஏறுங்க!"

அவர் என் கையைப் பிடுங்கித் தள்ளினார். "ஓடு!"

ஓடினேன்.

அவர் சொன்னதால் ஓடினேன் என்று பல வருஷம் சொல்லிவந்தேன். உண்மை அதுவல்ல. அவர் சொல்லும் முன்பே என் கால் திரும்பிவிட்டது.

ஒரு பாத்திரக் கடை. உள்ளே இழுத்துக் கதவைப் போட்டார்கள். இருட்டு. பித்தளை வாசம். வெடிகளை எண்ணினேன். நான்கு. ஐந்து. ஆறு. கொஞ்சம் இடைவெளி. ஏழு. பிறகு ஒன்றுமில்லை. அவர் குரல் கேட்கவேயில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேனா? தெரியாது.

கதவு திறந்தபோது நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அவர் அதில் இல்லை. பத்தடி தள்ளி, பூட்டிய துணிக்கடைச் சுவரில் சாய்ந்திருந்தார். உயிரோடு. மடியில் ஒரு பெண்ணின் தலை. தெருவெங்கும் கமலாப்பழம் உருண்டு கிடந்தது.

அந்தப் பெண் எதிர்ச்சாரியில் கூடை வைத்து விற்றவர். எங்களுக்கு முன்பின் தெரியாதவர். நான் ஓடியதும் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். என் வீட்டுக்காரரின் அக்குளில் கை கொடுத்துச் சுவரோரம் இழுத்திருக்கிறார். ஏழாவது வெடி அந்தப் பெண்ணின் கழுத்துக்குக் கீழே. என் வீட்டுக்காரர் அங்கே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் ரத்தம் நிற்கவில்லை.

"தண்ணி கொண்டா. அவங்களுக்கு."

கடையிலிருந்து சொம்பில் கொண்டுவந்தேன். அந்தப் பெண் அரை வாய் குடித்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்துப் பழ மண்டியில் விசாரித்தேன். மாரக்காள். வீடு சிங்காநல்லூர்ப் பக்கம். இரண்டு பெண் குழந்தைகள். கேட்டதும் என் வீட்டுக்காரர், "போகோணும்" என்றார். ஜட்காவில் போனோம். வாசல்வரை முதுகில் தூக்கிப் போய் உட்கார வைத்தேன். அவர் மண்ணைப் பார்த்து அழுதார். மாரக்காளின் புருஷன் எங்களைத் திட்டவில்லை.

"அவ அப்படித்தானுங்க. சாக்கடையில கன்னுக்குட்டி உழுந்தாக்கூட எறங்கிப்போடுவா. அழுவாதீங்க."

சின்னப் பெண் கதவிடுக்கில் நின்று என்னையே பார்த்தாள். உங்க அம்மா செய்ததை நான் செய்திருக்க வேண்டும் கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அதன்பிறகு அவர் தெருவுக்கு வரவில்லை. நாற்காலியைப் பட்டறையில் சரி செய்து தந்தார்கள். உட்காரமாட்டேன் என்றார். "போலாமுங்க, புண்ணு பெருசாகுது" என்பேன். "நாளைக்கு" என்பார். என்மேல் கோபமில்லை. ஒருநாள் மட்டும் கேட்டேன்.

"நான் ஓடுனது தப்புங்களா?"

"நான்தான சொன்னேன்," என்றார். பிறகு, "இன்னொருத்தர் எனக்காக ரோட்டுல எறங்க வேண்டாம் அம்மணி" என்றார்.

புண் முழங்கால்வரை ஏறியது. அறுபத்தேழு ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் விடிகாலை, என் கையைப் பிடித்தபடி போனார்.

எழுதி வைக்கிறேன். மறந்துவிடக் கூடாது.

வடக்கே பனியில் போனது, பாதங்கள் இரண்டு.

கடைவீதியில் போனது, மாரக்காள். முப்பது வயதிருக்கும். தாயில்லாமல் நின்ற பெண்கள் இருவர்.

பீளமேட்டு வீட்டில் போனது, நாச்சிமுத்து. முப்பத்து மூன்று.

மிஞ்சியது நான். அன்றைக்கு என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.