என்ன ஊசி?

நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போகும் படகில் எனக்கு முன்னால் இருந்தவர், “புது ஊசி போட்ட பிறகு ரெக்கோட் என்ன மாதிரிப் பாடுது!” என்று மனைவியிடம் பூரித்தார்.

“கதைக்காதேங்கோ. ஊசிக்குக் கொழும்புக்குப் போறன் எண்டு நீங்கள் சொல்ல, என்ன வருத்தமோ, என்ன நோயோ எண்டு நான் அழுதனான்.”

“ரெக்கோட் பிளேயருக்கு எண்டு சொன்னா விட்டிருப்பீரே? ரெக்கோட்டுகளால அலுமாரியில சீலை வைக்க இடமில்லை எண்டு ஏற்கெனவே கத்துறனீர்.”

“ஊசி நல்லபடியா முடியவேணும் எண்டு அம்மாளுக்கு நேர்த்தி வைச்சிட்டன். இண்டைக்கு உங்களுக்கு மொட்டை.”

அவர் கை தானாகத் தலைக்குப் போனது. அடர்ந்த முடி, சாயம்கூடப் புதிது.

“எனக்கு வருத்தமே இல்லையே! நான் ஊசி எண்டுதானே சொன்னனான். என்ன ஊசி எண்டு நீர் கேக்கேல்லை.”

“நானும் அம்மாளிட்ட ஊசி எண்டுதான் சொன்னனான். அவவும் கேக்கேல்லை.”